நேர்த்திச் சுமை

இத்ரூஸ் நானா பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஞானரட்ணம் பல நாளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சாமான்கள் அத்தனையும் மிளகுக் கடையின் சீமெந்துத் தரையில் வந்து விழுந்தன. பித்தளைச் செம்பு உருண்டுபோய்ப் பெரிய தராசின் காலில் முட்டி நின்றது.

"நீ நடந்து போகப் போறியா, குடி பெயர்ந்து போகப் போறியா?" என்றார் நானா.

கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் ஞானரட்ணத்துக்கு எப்போதுமே கிடையாது. தரையில் கிடந்ததை எல்லாம் ஒருமுறை பார்த்தான். வீட்டில் வைத்துப் பார்த்தபோது இவ்வளவாகத் தெரியவில்லை.

"ஆமிப் பை நானா. நல்ல பலம்" என்றான் கடைசியில்.

"பலந்தான். வெறும் பையைத் தூக்கிப் பாரு. யுத்த காலத்துல வெள்ளக்காரன் இதைத் தூக்கினான்னா அவனுக்குப் பின்னால லொறியில சோறு வந்திச்சு. ஒனக்குப் பின்னால என்ன வரும்? மரியாயி சட்டி தூக்கிக்கிட்டு வருவாளா?"

கல்லாவில் இருந்த மீராசாஹிப் முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். ஞானரட்ணமும் சிரித்தான். சிரிக்கக்கூடிய நாட்களாகத்தான் அவை இருந்தன.

அவன் முதலாளியின் கடையில் நிறுவைக்காரன். மாத்தளையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிற மிளகும் கொக்கோவும் கராம்பும் அவன் கை பட்டுத்தான் உள்ளே போகும். இத்ரூஸ் நானா உக்குவளைக்காரர், பொட்டணி வியாபாரி. சீத்தைத் துணியும் சாரமும் கட்டிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரத்தொட்டை ஏறி, மலைக்கு அந்தப் பக்கத்து லக்கல கிராமங்கள் வரைக்கும் நடந்து விற்றுவிட்டு வருவார். சுமையோடு தூரம் நடப்பதைப் பற்றி டவுனில் யாரிடமாவது கேட்கலாம் என்றால் அவரிடந்தான் கேட்கலாம். அதனால்தான் ஞானரட்ணம் பையைக் கட்டி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

போக வேண்டிய இடம் மடு மாதா கோயில். ஆவணித் திருநாளுக்குப் போய்ச் சேர வேண்டும். நாலந்தை, நாவுல, தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி என்று முழுக்கக் கால்நடை. நேர்ந்தவள் அவன் மனைவி மரியாயி. நடப்பவன் அவன்.

இங்கிலாந்து மகாராணி கண்டிக்கு வந்துபோன அந்த வருஷத்துத் தவக்காலத்தில், அவர்களுடைய ஒரே பிள்ளை கொறற்றிக்குக் குக்கல் இருமல் வந்தது. ரோமாபுரியில் மரிய கொறற்றிக்குப் புனிதர் பட்டம் கொடுத்த வருஷம் பிறந்த பிள்ளை. அதே பெயரை வைத்திருந்தார்கள். இருமி இருமி, வாந்தி எடுத்து எடுத்து, பிள்ளையின் உடம்பில் எலும்பு மட்டும் மிஞ்சியது. குக்கல் நின்ற பிறகும் சதை திரும்பி வரவில்லை. மரியாயி முதலில் வஹகோட்டைக்குப் போய் அந்தோனியாரிடம் சொல்லிப் பார்த்தாள். தொலைந்த சாமானைத் தேடித் தருகிற புனிதர் அவர். கரைந்துபோன சதையை எங்கே போய்த் தேடுவார்? அங்கிருந்து திரும்பிய கையோடு வீட்டுச் சுவரில் இருந்த மடு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நேர்ந்தாள்.

"எம்புள்ள சதை போடணும் தாயே. ஒன்னோட திருநாளுக்கு அவ என்ன நிறை நிக்கிறாளோ, அந்த நிறைக்கு மெழுகு. எம்புருஷன் தோள்ல சுமந்து, வெறுங்கால்ல நடந்து வந்து, ஒன் காலடியில வைப்பாரு."

அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

"மெழுகைக் குறைக்க ஏலாது" என்றார் நானா, சப்பணம் கட்டி உட்கார்ந்துகொண்டு. "அது ஒங்கட மாதாவுக்கும் ஒனக்கும் உள்ள கணக்கு. மத்ததெல்லாம் எங்கட கையில ஈக்குது. இதென்ன?"

"கம்பளி. பனிக்கு."

"ஆவணியில அநுராதபுரத்துல பனியா? அங்க காத்தே சுடும். எடு வெளிய. இது?"

"டயர் செருப்பு."

"வெறுங்கால்னு தானே நேர்ந்திருக்கு?"

"சும்மா... ஒருவேளை..."

"ஒருவேளைக்கும் நிறை ஈக்குது தம்பி. நான் பொட்டணி தூக்க வெளிக்கிட்ட காலத்துல முதல்ல தூக்கி எறிஞ்சது அந்த ஒருவேளையத்தான்."

ஒவ்வொன்றாகப் போயிற்று. பித்தளைச் செம்புக்குப் பதில் ஒரு தகரப் பால்பேணி. அரிசி, பருப்பு, சட்டிக்குப் பதில் வறுத்த அரிசி மாவும் சீனியும். தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் போதும், நெருப்பே வேண்டாம். சவர்க்காரத்தை நூலால் பாதியாக அறுத்தார். துவாயைப் பாதியாகக் கிழித்தார். இரண்டாவது சாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கட்டியிருக்கிறத அலசிப் போட்டா நீ நடக்க நடக்க ஒன்ட மேல காயும்" என்று ஒதுக்கினார். ஆமிப் பையையும் விட்டுவைக்கவில்லை. மா மூட்டைச் சீலையைப் பையாகத் தைத்து, லாம்புத் திரி நாடாவை இரண்டு பட்டியாகப் போடச் சொன்னார். பட்டி தோளில் படுகிற இடத்துக்கு மட்டும் அந்தக் கம்பளியில் ஒரு துண்டு வெட்டி வைக்கலாமாம்.

"மீசையையும் வழிச்சிட்டுப் போகச் செல்லு இத்ரூஸ்" என்றார் முதலாளி. "அதுவும் ஒரு அவுன்ஸ் வரும்."

"மீசை ஈக்கட்டும். திரும்பி வரக்குள்ள பொஞ்சாதிக்கு ஆள் அடையாளம் தெரிய வேணுமே."

கடைசியில் நானா தன் மூட்டைக்குள் கையை விட்டு ஏதோ ஒன்றை எடுத்து ஞானரட்ணத்தின் உள்ளங்கையில் வைத்தார். கசங்கிய கைலேஞ்சி மாதிரி இருந்தது. விரித்தால் விரிந்துகொண்டே போயிற்று. இரண்டு பேர் படுத்து மூடலாம். யுத்தம் முடிந்தபோது எங்கோ வாங்கிய பரசூட் சீலை. பனிக்கும் நுளம்புக்கும் தூறலுக்கும் அது ஒன்றே போதும் என்றார்.

"திருப்பித் தரணும். எனக்கு அது வீடு."

ஞானரட்ணம் அதைத் திரும்ப மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு கொஞ்சமாக இருக்க முடியும் என்பது அவனுக்கு ஏதோ நல்ல செய்தி மாதிரிப் பட்டது.

அன்றிலிருந்து அவனுக்கு அது ஒரு நினைப்பாகவே ஆகிவிட்டது. சாதிக்காய் நிறுக்கிற சின்னத் தராசில் ஒவ்வொரு சாமானாக வைத்துப் பார்ப்பான். பேணியின் வளையத்தை வெட்டினான். கட்டைச் செபமாலை இருக்க, கண்ணாடி மணி எதற்கு என்று அதை வீட்டில் மாட்டினான். செபப் புத்தகத்தைத் தராசில் வைத்த அன்றைக்குத்தான் மரியாயி சத்தம் போட்டாள். தராசை அவன் இரவல் வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்திருந்தான்.

"மாதாவோட புத்தகத்தையுமா நிறுக்கிறீங்க? வெக்கமா இல்ல?"

"எல்லாம் பாடந்தானே மரியாயி."

"பாடமா? போன ஞாயித்துக்கெழம பிரார்த்தனையில பாதியில வாயை மூடிக்கிட்டு நின்னது யாரு? நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்து மாடத்தில் வைத்தான். அவளும் சிரித்துவிட்டாள். ஏனென்றால் பிள்ளை சதை போடத் தொடங்கியிருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரங்களில் கடை சாத்துவதற்கு முன் ஞானரட்ணம் கொறற்றியைத் தூக்கிக்கொண்டு போவான். கொளுக்கித் தராசில் ஒரு சாக்கை ஊஞ்சல் மாதிரிக் கட்டி, அதில் அவளை உட்கார வைப்பான். அவளுக்கு அது பெரிய விளையாட்டு.

"அப்பா, நான் மிளகா, கொக்கோவா?"

"நீ கராம்பு."

"கராம்புக்குத்தானே கூட வெலை?"

"ஆமா. ஒன்ன விக்க மாட்டோம்" என்பார் முதலாளி கல்லாவிலிருந்து. "ஏலத்துக்கு ஆள் வந்தாலும் விக்க மாட்டோம்."

முதல் சனிக்கிழமை தராசுக் கம்பி இருபத்திரண்டு இறாத்தலில் நின்றது. நாலு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு நிறையா? அடுத்தடுத்த கிழமைகளில் கம்பி அசைய மாட்டேன் என்று நின்றது. பிறகு ஒரு கிழமை அசைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அசைந்தது. வைகாசி முடிகிறபோது இருபத்தேழு. ஆனி நடுவில் முப்பது. மரியாயி கண்ணில் கண்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். அரிசிக் கஞ்சியில் உப்பும் நெய்யும் போட்டுக் கரைத்துக் கொடுத்தாள். கன்னம் உருண்டது. பழைய சட்டையின் கை இறுகியது. அவள் அதைப் பிரித்துத் தைக்கும்போது பாட்டுப் பாடினாள்.

பிள்ளை ஒரு இறாத்தல் கூடினால், ஞானரட்ணம் தன் பையிலிருந்து ஒரு இறாத்தலுக்குச் சமமாக எதையாவது கழிப்பான். கழிக்க எதுவும் இல்லாமல் போன பிறகும் கழித்தான். மாவில் ஒரு பகுதியைக் கழித்தான். வழியில் யாராவது சோறு போடாமலா இருப்பார்கள். தன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவன் எதையும் இழந்ததில்லை.

ஆடி மாதம் ஒருநாள் பல்லேபொலப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் மூன்று மூட்டை மிளகு கொண்டுவந்தான். ஞானரட்ணம் முதல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

"நனைச்சிருக்கு" என்றான்.

"ஐயோ, இல்ல தொரை. ராத்திரி பனி பட்டிச்சு. வண்டியில கெடந்திச்சு."

"பனி மேலதான் படும். இது அடியில நனைஞ்சிருக்கு."

"அப்ப அடியில பனி பட்டிருக்கும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்துவிட்டான். "ஒங்க முன்னால ஒண்ணும் பண்ண ஏலாது தொரை" என்று மூட்டையைத் திரும்பக் கட்டினான். ஞானரட்ணம் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். நனைந்த மிளகின் நிறை தனி நிறை. காய்ந்த மிளகு தூக்கினால் கையில் கலகலக்கும். நனைந்தது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சத்தம் இல்லாமல், தூக்குகிறவன் மேலேயே சாயும்.

அன்று சனிக்கிழமை. பின்னேரம் கொறற்றியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் அவள் தோளில் தூங்கிவிட்டாள். முன்பெல்லாம் தூங்கின பிள்ளை கைக்குள் எங்கேயாவது எலும்பாகக் குத்தும். இன்றைக்கு ஒன்றும் குத்தவில்லை. சத்தம் இல்லாமல் அவன் மேலேயே சாய்ந்துகொண்டு வந்தாள். அவன் அம்மன் கோயிலடியில் ஒருதரம் நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. மறுபடி நடந்தான்.

சாக்கில் உட்கார வைக்கும்போது அவள் விழித்துக்கொண்டாள். கால் கீழே தொங்கியது. அதைத் தூக்கி உள்ளே வைப்பதற்காகக் கணுக்காலுக்கு மேலே பிடித்தான். விட்டபோது, பெருவிரல் பட்ட இடத்தில் ஒரு குழி இருந்தது. ஈரக் களிமண்ணில் அமுக்கிய மாதிரி. அது நிரம்பவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அது நிரம்பவில்லை.

கொறற்றியும் குனிந்து பார்த்தாள்.

"குழி!" என்றாள்.

தன் சுட்டுவிரலால் பக்கத்தில் இன்னொரு குழி போட்டாள். அதுவும் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதாக ஒன்று போட்டாள்.

"என்ன ஞானம், எத்தனை நிக்குது?" என்று கல்லாவிலிருந்து முதலாளி கேட்டார்.

முப்பத்துநாலு நின்றது. அவன் அதைச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நல்ல மனிதர். பிள்ளையின் கண்ணுக்குக் கீழே பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டார். மரியாயி யோசித்து, குறைவுதான் என்றாள், அப்போதுதான் யோசித்தாள். டொக்டர் சிங்களத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இது சதை இல்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் உடம்பில் நீர் தங்குகிறது. உப்பு ஒரு துளியும் கூடாது. பிள்ளை இங்கேயே இருக்கட்டும்.

"மருந்து?" என்றான் ஞானரட்ணம்.

டொக்டர் மேசையைப் பார்த்தார். சில பிள்ளைகளுக்கு இது தானாக வடியும் என்றார். மற்றப் பிள்ளைகளைப் பற்றி அவர் சொல்லவில்லை. ஞானரட்ணம் கேட்கவும் இல்லை. வெளியே யாரோ ஒரு வாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் நடையின் கோடி வரை போய் நின்றது.

பிள்ளைகள் வார்டில் தாய் மட்டும் தங்கலாம். தகப்பன்மார் பின்னேரம் பார்க்க வரலாம். அவன் தினமும் கடை முடிந்து போய் கட்டிலடியில் நிற்பான். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தலையணையைச் சரிசெய்வான், அது சரியாகத்தான் இருக்கும். காலையில் கொறற்றியின் கண் இரண்டும் திறக்க முடியாதபடி வீங்கியிருக்கும் என்று மரியாயி சொல்வாள். பின்னேரத்தில் கண் கொஞ்சம் திறந்திருக்கும், கால் வீங்கியிருக்கும். நீர் உடம்புக்குள் இடம் மாறிக்கொண்டிருந்தது, வெளியே போகவில்லை.

முதல் கிழமை மரியாயி அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நிறை ஏறுதுன்னா ஏறுதுதான்" என்றாள் ஒருநாள். "மாதா குடுத்ததைத் தண்ணின்னு சொல்லாதீங்க. நீங்கதான் கைய வச்சிப் பாத்தீங்க. நீங்க பாக்குற வரைக்கும் புள்ள நல்லாத்தான் இருந்தா."

அது நியாயம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனான். அவன் பெருவிரல் படாமலே இருந்திருந்தால்?

அந்தப் பெருவிரல் ஏன் அவ்வளவு பிந்திப் பட்டது என்றும் நினைத்தான். ஊரான் மூட்டையில் கையை விட்ட மாத்திரத்தில் நீரைப் பிடிப்பவன், தன் பிள்ளையை இத்தனை சனிக்கிழமை தூக்கித் தூக்கி வைத்திருக்கிறான். ஒருநாள்கூடக் கை சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருக்கும். அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருநாள் நெருங்கியது. மீராசாஹிப் முதலாளி கண்டியிலிருந்து மெழுகு எடுப்பித்திருந்தார். பாளம் பாளமாகக் கடையின் உட்பக்கம் அடுக்கியிருந்தது. ஒருநாள் காலையில் அவர் அவனை உள்ளே கூப்பிட்டார்.

"எத்தனை இறாத்தல் வெட்டட்டும்?"

ஞானரட்ணம் மெழுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். நேர்த்தி, திருநாளன்று பிள்ளை நிற்கிற நிறைக்கு. இன்றைய நிறைக்கு எடுத்தால், அந்த நீரை மாதாவின் கொடை என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி. நீரைக் கழித்துவிட்டு எடுக்கலாம் என்றால், எவ்வளவு கழிப்பது? எங்கே பிள்ளை முடிந்து எங்கே நீர் தொடங்குகிறது? மிளகு என்றால் வெயிலில் காயப்போட்டு மறுபடி நிறுக்கலாம்.

முதலாளி காத்திருந்தார். பிறகு, "சரி. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார். அன்று முழுக்க அவர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

பின்னேரம் அவன் மரியாயியிடம் கேட்டான். வார்டின் வெளி நடையில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பிள்ளை தூங்கினாள்.

"போகாம விடவா?" என்றான். "புள்ள சுகமானதும் போகலாமே. மாதா கோவிக்க மாட்டா."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"இன்னைக்கிக் காலையில நேர்ஸம்மா நிறுத்துப் பாத்தா" என்றாள். "முப்பத்தெட்டு."

முன்பு அவள் நிறையைச் சொல்கிற குரல் இது இல்லை. அவளுக்கும் தெரியும் என்பது அந்தக் குரலில் இருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று அவன் கேட்கவில்லை.

"முப்பத்தெட்டையும் கொண்டு போங்க" என்றாள். "சதையோ தண்ணியோ, எல்லாம் நம்ம புள்ளதானே? நான் போட்டுக் குடுத்த உப்புந்தானே? ஒரு அவுன்ஸுகூடக் கொறைக்காதீங்க. நான் இங்க இருக்கேன். நீங்க இங்க நின்னு என்ன செய்யப் போறீங்க?"

கடைசிக் கேள்வி கோபத்தில் கேட்டது இல்லை. அவள் உண்மையாகவே கேட்டாள். தலையணையைச் சரிசெய்வேன் என்று சொல்ல முடியுமா?

முப்பத்தெட்டு இறாத்தல் மெழுகை வெட்டி, சீலையில் வைத்துத் தைத்தார்கள். மா மூட்டைப் பை அதிலேயே நிறைந்துவிட்டது. இத்ரூஸ் நானா பையைத் தூக்கிப் பார்த்தார். இந்த முறை அவர் பகிடி பண்ணவில்லை. ஞானரட்ணம் மாவில் இன்னும் பாதியைக் கொட்டினான். சவர்க்காரத்தை எடுத்து வெளியே வைத்தான். பிறகு பரசூட் சீலையையும் எடுத்து நீட்டினான்.

"அதுக்கு நிறையே இல்லையே தம்பி."

"இருக்கட்டும் நானா. மழை பெஞ்சா நனையிறேன்."

நானா அதை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"ஏதாவதுன்னா தம்புள்ள பஸ்ஸுல செல்லி அனுப்புறேன். அந்த ரோட்டு பஸ்காரனுங்க எல்லாம் என்னைத் தெரிஞ்சவனுங்க. மா மூட்டைப் பையோட ஒருத்தன் வெறுங்கால்ல போவான், நிப்பாட்டிச் செல்லுங்கன்னு செல்றேன். நீ யோசிக்காமப் போ."

புறப்படுகிற காலையில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். நேரம் கெட்ட நேரம் என்றாலும் நேர்ஸ் உள்ளே விட்டாள். கொறற்றி கண் திறக்க முடியாமல் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, "அப்பாவா?" என்றாள். ஆமா என்றான். "தூக்குங்க" என்றாள். தூக்கினான். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் படுக்க வைத்தான். மரியாயி அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். அவள் கை குளிர்ந்திருந்தது. படியிறங்கும்போது, நேர்த்திக்குப் போகிறோமா, இதிலிருந்து ஓடிப்போகிறோமா என்று அவனுக்கு ஒரு கேள்வி வந்தது. வந்ததை அப்படியே விட்டுவிட்டு நடந்தான்.

டவுனைத் தாண்டி, கொக்கோத் தோட்டங்களைத் தாண்டி, வீதி இறங்கத் தொடங்கியது. நாலந்தை வரைக்கும் மர நிழல் இருந்தது. பை பரவாயில்லை. நானா சொன்ன மாதிரி கம்பளித் துண்டு தோளைக் காப்பாற்றியது. இவ்வளவு பாடுபட்டுக் குறைத்தது வீண் போகவில்லை என்று கால் சொன்னது. மனதுதான் நடக்கவில்லை. செபமாலையைக் கையில் எடுத்து முதல் மணியைப் பிடித்தான். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கும்போது பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

அவன் நின்றான். பஸ் அவனைத் தாண்டிப் போயிற்று. அப்படியென்றால் பிள்ளை இருக்கிறாள். மூச்சு விட்டான். மறுபடி முதல் மணி.

அடுத்த பஸ் வரைக்குந்தான் அந்த மூச்சு. நானா நல்லதற்குச் சொன்ன வார்த்தை, வீதியில் ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸையும் அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது. எதிரே தம்புள்ளையிலிருந்து வருகிறவை அவனுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் வருகிறவைதான். தூரத்தில் கேட்கும்போதே அது லொறியா பஸ்ஸா என்று காது பிரித்துவிடும். லொறி என்றால் கால் நடக்கும். பஸ் என்றால் கால் தரையைத் தேடும். செபமாலையில் அவன் இன்னும் முதல் மணியிலேயே இருந்தான்.

நாவுலைக்குக் கொஞ்சம் முன்னால், மரமில்லாத வெளியில், ஒரு பஸ் வேகம் குறைத்தது. அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த கொண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

ஞானரட்ணம் இரண்டு கையாலும் பைப் பட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"மடுவுக்கா?" என்றான் கொண்டக்டர் சிங்களத்தில். "ஏறுங்க அண்ணே. காசு வேணாம். எனக்கும் கொஞ்சம் புண்ணியம் கெடைக்கட்டும்."

"வேற... வேற ஒண்ணும் சொல்லி விடலையா?"

"யாரு?"

"வெயில் தலைக்கேறியிருக்கு" என்று உள்ளே இருந்த யாரோ சொன்னார்கள். சிரிப்புச் சத்தத்தோடு பஸ் போய்விட்டது. அவன் வீதியோரத்திலேயே உட்கார்ந்தான்.

எதிர்ப்பக்கத்தில் ஓலை போட்ட ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. கடைக்கார அம்மா செம்பில் தண்ணீரோடு வீதியைக் கடந்து வந்தாள். அவன் குடிக்கும்போது அவள் பையை அவன் தோளிலிருந்து கழற்ற உதவினாள். வெயிலில் மெழுகு இளகியிருந்தது. சீலைக்குள் அது அவன் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைந்து, தோளெலும்பு இரண்டும் பதிந்த இடத்தில் குழியாகக் கிடந்தது.

"யாருக்கு நேர்த்தி?" என்று கேட்டாள்.

"மகளுக்கு."

"சுகமாயிட்டாளா?"

அவன் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தான். வெயிலில் தார் மினுங்கியது. அவள் கேள்வியை மறந்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போகலாம் என்கிற அளவுக்கு நேரம் போயிற்று. அவள் போகவில்லை.

"நிறை கூடியிருக்கா" என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. நல்லது, நல்லது என்றாள். இரண்டு கையையும் கூப்பி, மடுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அவளே பையைத் தூக்கி அவன் தோளில் ஏற்றினாள். ஏற்றும்போது, அம்மாடி, பெரிய பிள்ளைதான் என்று சிரித்தாள். மெழுகு அதே இடங்களில் வந்து முதுகில் பொருந்தியது.

அவன் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும், பின்னால் வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. அவன் ஓரத்துப் புல்லுக்கு ஒதுங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் மெதுவாக்கினான், பஸ்காரன் அவனைத் தேட வேண்டி வராமல்.